அடைமழையில் மலை ஏறும் முன் எஸ்யூவியின் டயர், சக்கரம், டிராக்ஷன் பட்டன்களைத் தயார் செய்வது எப்படி

வடக்கே குளிர்காலம் என்றால் ரோட்டில் பனிக்கட்டி. நமக்கு அது ஐப்பசி அடைமழை, கார்த்திகைத் தூறல், மார்கழி விடியற்காலை ஈரம். மதுரைக்குள் ஓட்டும்வரை இதில் பெரிய வித்தியாசம் தெரியாது, காளவாசலுக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே வேகமாகப் போகவே வழியில்லை. ஆனால் இதே மூன்று மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், போடிமெட்டு ஏறி மூணாறு, சின்னமனூரில் திரும்பி மேகமலை என்று கிளம்புகிறோம். நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரிலிருந்து புறப்பட்டு மூன்று மணி நேரத்தில் 2,100 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். திரும்பும்போது ஆளும் சாமானும் சேர்ந்து இரண்டு டன் இருக்கிற வண்டியை நனைந்த வளைவுகளில் இறக்குகிறோம். அந்த இரண்டு டன்னையும் ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது உள்ளங்கை அகலத்தில் நான்கு துண்டு ரப்பர்தான்.

இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், பண்ணைக்காட்டில் இருக்கும் மாமனார் வீட்டில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். டம்டம் பாறையைத் தாண்டி ஒரு வலது வளைவு, வேகம் 35 கூட இருந்திருக்காது, லேசாக பிரேக்கைத் தொட்டேன், வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக நழுவி வெளியே போனது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின் சீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) உண்டு, ஈஎஸ்பி (வண்டி சுழன்றுவிடாமல் பிடிப்பது) உண்டு, ரோட்டுக்கு ஏற்பச் சக்கர இழுப்பை மாற்றும் டிராக்ஷன் மோடுக்குத் தனிப் பட்டனும் உண்டு. எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்புதான் இரண்டு டயர் மட்டும் புதிதாக மாற்றியிருந்தேன், கடையில் அதை முன்னால் போட்டுவிட்டார்கள், பின்னால் இருந்தது ஆறு வருடப் பழைய டயர். அதோடு நான்கிலும் 42 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) காற்று அடித்து அனுப்பியிருந்தார்கள், நானும் அளந்து பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் தெற்குவாசல் பக்கம் முப்பது வருடமாக டயர் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். பின் டயரில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார், உள்ளே போகவில்லை. "தம்பி, நீங்க எத்தனை பட்டனைத் தட்டினாலும் ரப்பர்ல இருக்கிற பிடிப்பைத்தான் அது பங்கு வைக்கும். இல்லாததைக் கொண்டாந்து குடுக்காது" என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது மொத்தமும் அந்த ஒரு பேச்சுதான். முதலில் ரப்பர், அடுத்து காற்று, அப்புறம் சக்கரம், கடைசியாகத்தான் பட்டன்.

ரப்பரில் என்ன பார்க்க வேண்டும்

புரட்டாசி கடைசியில், மழை பிடிக்கும் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் முன் டயரின் முகம் வெளியே தெரியும், பின் டயருக்குக் குனிந்துதான் ஆக வேண்டும்.

புது எஸ்யூவி டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு போல ஒரு ரப்பர் பாலம் தெரியும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்தப் பாலத்தோடு சமமாகிவிட்டால் சட்டப்படியே அது மொட்டை டயர். எங்கே அந்தப் பாலம் இருக்கிறது என்று தேட வேண்டாம், டயரின் பக்கச் சுவரில் சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ இருக்கும், அதற்கு நேர் மேலே பாருங்கள். ஆனால் 1.6 என்பது சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லை, மழை பொறுத்துக்கொள்ளும் எல்லை அல்ல. பள்ளத்தின் வேலையே டயருக்கு அடியில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது, ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே அந்த வேலை நன்றாகக் குறைந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் 2.5 மில்லிமீட்டர் டயரோடு திருச்சி போய் வரலாம், ஐப்பசியில் அதே டயரோடு கொடைக்கானல் ஏறாதீர்கள். ஆழம் அளக்கும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கிறது. வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள், இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது வயது. நம் ஊரில் இதை யாரும் பார்ப்பதே இல்லை, எனக்கு ஏற்பட்டதும் இதனால்தான். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு எண்கள் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஒரு பக்கம் இந்த நான்கு எண்கள் இல்லாவிட்டால் மறுபக்கம், உள்ளே பார்த்த சுவரில் இருக்கும். மதுரை வெயிலில் வெளியே நிற்கும் வண்டியின் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். பள்ளம் பார்க்கப் புதிது போலவே இருக்கும், ஆனால் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கும், நனைந்த ரோட்டில் அது ஒட்டாது. ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை நல்ல ஆளிடம் காட்டுங்கள், ஆறு தாண்டினால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் நான் மலைக்கு நம்ப மாட்டேன். அதிகம் ஓடாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது மனசுக்குக் கஷ்டமான செலவுதான், தேயாத டயரைத் தூக்கிப் போடுவதா என்று தோன்றும். கோயிலுக்கும் கடைவீதிக்கும் மட்டும் ஓட்டுகிறவர்கள் யோசிக்கலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் யோசிக்காதீர்கள்.

பக்கச் சுவரில் வெடிப்பு, குமிழ் மாதிரி வீக்கம், உள்ளே கம்பி தெரிவது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயர் முடிந்தது, பேச்சே இல்லை. பக்கச் சுவரில் பங்க்சர் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முகத்தில் ஆணி குத்திய பங்க்சருக்குக் கூட, வெளியில் இருந்து திரி சொருகுவது வழியில் சமாளிக்கத்தான். ஊர் வந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போட்டுவிடுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்களா? புதிய இரண்டும் பின்னால்தான் போக வேண்டும், வண்டி முன் சக்கரத்தில் இழுப்பதாக இருந்தாலும் சரி. முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழகாதவர் கையில் அது திரும்பி வராது. கடைக்காரர் பழக்கத்தில் முன்னால் போடப் போவார், நின்று சொல்லி மாற்றுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் இன்னொரு சங்கதி உண்டு: நான்கு டயரின் தேய்மானமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றளவு மாறி, நடுவில் இருக்கும் கியர் பெட்டிக்குத் தேவையில்லாத வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடச் சொல்கிறார்கள்.

எந்த டயர் வாங்குவது என்று கேட்டால், மதுரையில் இருந்து தார் ரோட்டில் மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு எச்டி எனப்படும் சாதாரண நெடுஞ்சாலை டயரே போதும். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று பெரிய பெரிய கட்டம் போட்ட ஏடி டயர் மாட்டுகிறார்கள். தோட்டத்துச் சேற்றிலும் கல் ரோட்டிலும் அது நன்றாக இழுக்கும், ஆனால் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் பொதுவாக எச்டி டயர்தான் சீக்கிரம் நிற்கும். எஸ்டேட்டுக்குள் போகிற தேவை நிஜமாக இருந்தால் மட்டும் ஏடி. அகலமான டயர் மாட்டினால் மழையில் பிடிப்பு கூடும் என்பதும் தவறு, அகலம் கூடினால் தேங்கிய தண்ணீரின் மேல் சீக்கிரமே மிதக்க ஆரம்பிக்கும்.

காற்று

முதலில் சரியான எண். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், முன்னால் எவ்வளவு பின்னால் எவ்வளவு என்று, ஆள் குறைவாக இருந்தால் ஒன்று, முழு வண்டி ஆளும் சாமானும் என்றால் வேறொன்று. நம் எஸ்யூவிகளில் பெரும்பாலும் 32, 33, 35 என்று வரும். டயரின் மேலேயே எழுதியிருக்கும் 44, 51 போன்ற எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை அடிக்கக் கூடாது. எனக்கு 42 அடித்தவர்கள் எதைப் பார்த்து அடித்தார்களோ தெரியவில்லை. காற்று அதிகமானால் டயர் உருண்டை ஆகி, நடு மட்டும் ரோட்டைத் தொடும், உள்ளங்கை அளவு இருந்த பிடிப்பு இன்னும் சுருங்கும்.

அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது பங்க் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பங்க்கில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். பன்னிரண்டு வோல்ட் பம்ப் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது குளிருக்கு வருவோம். டயருக்குள் இருக்கும் காற்று சுமார் 5.5 டிகிரி குளிர்ந்தால் ஒரு பிஎஸ்ஐ குறையும். புரட்டாசி மத்தியானம் 34 டிகிரியில் 33 அடித்து வைத்த டயர், மார்கழி விடியற்காலை 21 டிகிரியில் 31-க்கு வந்துவிடும். அதோடு எந்த டயரும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ போலத் தானாக இழக்கும். இரண்டு மாதம் பார்க்காமல் விட்டிருந்தால் 29-இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மார்கழியில் பல வண்டிகளில் காலையில் மட்டும் டயர் விளக்கு எரிந்து, பத்து மணிக்கு அணைந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். வெயில் வந்ததும் விளக்கு அணைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், விளக்கு எரியும்போதே ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். நிரப்பியபின் சில வண்டிகளில் டிபிஎம்எஸ் (டயர் காற்றைக் கவனிக்கும் அமைப்பு) பட்டனை அழுத்திப் பிடித்துப் புதிதாகப் பதிய வைக்க வேண்டும், வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

மலை ஏறினால் என்ன ஆகும் என்பது ரொம்ப நாளாக எனக்கே குழப்பமாக இருந்தது. மேலே குளிர், அதனால் குறையும் என்று ஒருவர் சொல்வார், மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் கூடும் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் சரி. மதுரையில் 34 டிகிரியில் 33 அடித்துக்கொண்டு போய், கொடைக்கானலில் இரவு முழுக்க நிறுத்தி, காலை 8 டிகிரியில் அளந்தால், குளிரால் நான்கு பிஎஸ்ஐ குறைந்திருக்கும். ஆனால் அந்த உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ குறைவு, கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான், அதனால் அந்த மூன்றும் திரும்ப வந்துவிடும். கடைசியில் 32 காட்டும். ஆகவே கொடைக்கானலுக்கென்று தனியாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், மதுரையில் சரியாக அடித்துக்கொண்டு போனால் போதும். ஏறி முடித்ததும் சூட்டோடு அளந்தால் 36, 37 காட்டும், பயந்துபோய் அதில் இருந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறினால் குறைந்துவிடும்.

"மழைக்குக் காத்தைக் கொஞ்சம் இறக்குண்ணே, நல்லாப் பிடிக்கும்" என்று பங்க்சர் கடையில் தம்பிகள் சொல்வார்கள். சேற்றிலும் மணலிலும் சிக்கியவனுக்கு அது சரி, 20-க்கு இறக்கினால் டயர் பரந்து மேலே ஏறும். நனைந்த தார் ரோட்டுக்கு அது நேர் எதிர். விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் செய்த ஆராய்ச்சியில் ஒரு கணக்கு கிடைத்தது: டயரின் பிஎஸ்ஐக்கு வர்க்கமூலம் எடுத்து 9-ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரில் டயர் ரோட்டை விட்டு மிதக்க ஆரம்பிக்கும் வேகம் நாட் (விமானம், கப்பலுக்கான வேக அளவு) கணக்கில் வரும். 33 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர், 22 பிஎஸ்ஐக்கு 78. காருக்கு இது தோராயக் கணக்குதான், ஆனால் காற்று குறைந்தால் மிதப்பது முன்கூட்டியே வரும் என்பது மாறாது, தேய்ந்த டயரில் இன்னும் முன்பே வரும். திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் சமயநல்லூர் தாண்டியதும் எல்லோரும் 100-இல் போகிறோம், மழை கொட்டும்போது ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும், அங்கே 70-க்கு வந்துவிடுங்கள். ஸ்டியரிங் திடீரென்று காற்றில் திரும்புவதுபோல லேசாகிவிட்டால் டயர் மிதக்கிறது என்று அர்த்தம். காலை ஆக்சிலேட்டரில் இருந்து மெதுவாக எடுங்கள், பிரேக் வேண்டாம், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஒன்றிரண்டு வினாடியில் ரோடு திரும்பக் கிடைக்கும்.

சக்கரமும் நட்டும் ஸ்டெப்னியும்

அலாய் வீலின் ஓரம் பள்ளத்தில் விழுந்து வளைந்திருந்தால், அல்லது டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால், காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், நுரை வந்தால் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். டயர் மாற்றும்போதே வால்வையும் மாற்றச் சொல்லுங்கள், அது ரப்பர், அதற்கும் வயது உண்டு. நம் ரோடுகளில் ஒரு மழைக்காலம் முடிந்தாலே அலைன்மென்ட் போய்விடும், மழைக்கு முன் ஒன்று, பொங்கலுக்கு அப்புறம் ஒன்று என்று நான் வைத்திருக்கிறேன்.

நட்டு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். கடையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து டர்ரென்று இறுக்கிவிடுவார்கள், அது எவ்வளவு இறுகியது என்று அவர்களுக்கே தெரியாது. கொடைக்கானல் மலைப்பாதையில் ஊத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் மழையில் டயர் இறங்கி, வண்டியில் இருக்கும் சின்ன ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்றும் நட்டு அசையாமல் நிற்கிற ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன், நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து முக்கால் மணி நேரம் போராடினோம். துப்பாக்கியில் லேசாக ஏற்றி, கடைசி இறுக்கத்தை டார்க் ஸ்பேனரில் செய்யச் சொல்லுங்கள், அளவு புத்தகத்தில் இருக்கும். ஒரு நட்டு விட்டு எதிர் நட்டு என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். போல்ட்டில் கிரீஸ், எண்ணெய் தடவ வேண்டாம். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

ஸ்டெப்னியைக் கிளம்பும் முன் கண்ணால் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது மற்ற நான்கை விடச் சின்ன அளவு, 80-க்கு மேல் ஓட்டக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும், மலையில் அதைப் பின் சக்கரத்தில் போடுவதா முன்னால் போடுவதா என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் அதை இறக்கும் கம்பி துருப்பிடித்து நிற்கும், வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டு வாசலில் இறக்கி ஏற்றிப் பாருங்கள். திருட்டுக்குப் பயந்து பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி வண்டிக்குள்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடிப் பலகை, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டை, ஒரு நல்ல டார்ச்.

பட்டன்கள்

ஈஎஸ்பி விளக்கில் தொடங்குவோம். வளைவில் அது மின்னினால் டயர் வழுக்கி, வண்டி தானாக ஒவ்வொரு சக்கரமாக பிரேக் பிடித்துச் சமாளிக்கிறது என்று அர்த்தம், நீங்கள் அந்த வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றும் அர்த்தம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு, அல்லது யாரோ ஆஃப் செய்திருக்கிறார்கள். மலை ரோட்டில் அதை ஆஃப் செய்ய எந்தக் காரணமும் கிடையாது. சேற்றில் சக்கரம் புதைந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் அடங்கிப் போகிறது என்ற ஒரே ஒரு நேரத்தில்தான் டிராக்ஷன் கன்ட்ரோலை ஆஃப் செய்து, வெளியே வந்ததும் ஆன் செய்ய வேண்டும்.

மோடுகளின் பெயர் வண்டிக்கு வண்டி மாறும். ஹாரியரில் நார்மல், ரஃப், வெட் என்று இருக்கும். கிரெட்டா, செல்டோஸின் சில மாடல்களில் ஸ்னோ, மட், சாண்ட். ஆல்கிரிப் எனப்படும் நான்கு சக்கர இழுப்பு வைத்த கிராண்ட் விட்டாராவில் ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக். மதுரையில் ஸ்னோ எதற்கு என்று பலர் அதைத் தொடுவதே இல்லை. ஸ்னோ மோடு பொதுவாகச் செய்வது ஆக்சிலேட்டரை மென்மையாக்குவது, சக்கரம் வழுக்குவதற்கு முன்பே இழுப்பைக் கட்டுப்படுத்துவது, சில ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இரண்டாவது கியரில் கிளப்புவது. நனைந்த ஏற்றத்தில், ஈர இலை கிடக்கும் கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது வேண்டியதும் இதுதான். வெட் மோடு இருந்தால் அது, இல்லாவிட்டால் ஸ்னோ. மட், சாண்ட் இரண்டும் சக்கரத்தை நன்றாகச் சுற்ற விடும், தார் ரோட்டில் அவற்றைப் போடாதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், கிரெட்டா மாதிரி இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் இந்த மோடுகள் நான்கு சக்கர இழுப்பைத் தராது.

மஹிந்திரா தார், ஃபார்ச்சூனர் போல லீவரோ நாபோ திருப்பி 4எச் (நான்கு சக்கர இழுப்பு) போடும் வண்டி வைத்திருப்பவர்கள் மலை அடிவாரம் காட்ரோட்டிலேயே 4எச் போட்டுக்கொண்டு ஏறுவதைப் பார்க்கிறேன். அந்த அமைப்பில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் உருள வேண்டும், பிடிப்பு இருக்கும் ரோட்டில் அது முடியாமல் கியர் பெட்டியில் முறுக்கு ஏறும், ஸ்டியரிங் கனக்கும், வண்டி வளைவில் வெளிப்பக்கம் தள்ளும். தார் ரோட்டில் 2எச் (இரண்டு சக்கர இழுப்பு), ரோடு முடிந்து மண்ணும் சேறுமாக ஆனபின் 4எச். 4எல் (மெதுவான, பலமான நான்கு சக்கர இழுப்பு) செங்குத்தான சேற்று ஏற்றத்துக்கு மட்டும், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் போட்டுத்தான் மாற்ற வேண்டும். அதை விட முக்கியம், நான்கு சக்கர இழுப்பு கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது.

இறக்கத்துக்கு, ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்றில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், காலுக்கு வேலை குறையும். ஆட்டோமேட்டிக்கில் டி-யிலேயே விட்டு இறங்குவதால்தான் கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் கருகும் வாசனை அடிக்கிறது, எம் அல்லது எல் போட்டு இறங்குங்கள். இறக்கத்தில் வேகத்தைத் தானாக அடக்கும் ஹில் டிசென்ட் பட்டன் பிரேக்கை வைத்துத்தான் வேலை செய்கிறது. எஸ்டேட்டுச் சரிவில் நூறு மீட்டர் இறங்க அது அருமை, ஐம்பது கிலோமீட்டர் மலை ரோட்டுக்கு அது வேண்டாம். மழையில், ஒரே வேகத்தைத் தானாகப் பிடித்து ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம்.

ஏபிஎஸ் பற்றி ஒரு பயிற்சி சொல்கிறேன், இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். மழை பெய்து முடிந்த காலையில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு திறந்த மைதானம், பின்னால் யாரும் இல்லை, 30 வேகத்தில் போய் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துப் பிடியுங்கள். கால் அடியில் டகடகவென்று அடிக்கும், கடகட சத்தம் வரும். முதல் தடவை எல்லோரும் பயந்து காலை எடுத்துவிடுவார்கள், மலையில் அதுதான் ஆபத்து. எடுக்காமல் மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள், வண்டி திரும்பும். நான்கைந்து தடவை செய்தால் கால் பழகிவிடும். என் மனைவியும் ஓட்டுவார், இரண்டு பேருமே வருடா வருடம் செய்கிறோம். அப்புறம் நேரே கொடைக்கானல் போகாமல், புது டயர் போட்டதும் சிறுமலைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். திண்டுக்கல்லுக்குப் பக்கம், 18 கொண்டை ஊசி வளைவு, அரை நாளில் திரும்பிவிடலாம், வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். புது டயரின் மேல் வழவழப்பு போக இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை நிதானம்.

மேலே போனதும்

மழை ஆரம்பித்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து சவுக்காரம் மாதிரி ஆகியிருக்கும், நன்றாகப் பெய்து கழுவிய பிறகு பிடிப்பு கொஞ்சம் திரும்பும். யூகலிப்டஸ் இலை, பைன் ஊசி, வெயிலே படாத வளைவில் பாசி, பேருந்து திரும்பும் இடத்தில் சிந்திய டீசல், இவற்றுக்கு எந்த டயரும் முழுசாக ஈடு கொடுக்காது. முன்னால் கண்ணை விட்டு, நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, வளைவுக்குள் வெறும் ஸ்டியரிங்கோடு போங்கள்.

மார்கழி, தையில் வானம் தெளிவாக, காற்றே அசையாத இரவுகளில் கொடைக்கானல் ஏரிப் பக்கமும் ஜிம்கானா புல்வெளியிலும் உறைபனி விழும். மன்னவனூர் பக்கம் விடியற்காலை போகிறவர்கள் வெயில் ஏறும்வரை பொறுங்கள். பள்ளமான, மர நிழல் விழும் இடத்தில் ரோடு நனைந்தது போல மினுங்கும், ஆனால் டயரில் இருந்து தண்ணீர் தெறிக்கும் சத்தம் வராது, அது உறைந்திருக்கலாம். நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

நிஜமான பனிக்கு, மணாலிப் பக்கம் வண்டியிலேயே போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பித்துவிடும். பனி டயரில் மூன்று சிகர மலையும் உள்ளே பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கும், ஆனால் அதை வாங்கி மாட்டிக்கொண்டு மதுரை வந்தால் இந்த வெயிலில் கரைந்துபோகும். அதனால் சங்கிலி. இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும், முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு முன்னால். 40-க்கு மேல் போகாமல், பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் பக்கம், பனி விழுந்தால் நான்கு சக்கர இழுப்பு வண்டியையோ சங்கிலி மாட்டிய வண்டியையோ மட்டும்தான் போலீஸ் விடுவார்கள். சங்கிலி மாட்டப் பழகாமல் போகாதீர்கள், வீட்டு வாசலில் இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், குளிரில் விரல் மடங்காது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் ஐந்து நிமிடம். டயர் பள்ளத்தில் சிக்கிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுங்கள், உள்ளே போய்ப் பதிந்த கூரான கல்தான் ஒரு வாரம் கழித்துப் பங்க்சர் ஆகும். ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள், அப்படியே ஓட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். நான்கிலும் காற்றை அளந்து எழுதி வையுங்கள், ஒன்று மட்டும் மற்றதை விட இரண்டு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் அதில் கசிவு இருக்கிறது, அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.